சித்தி கொடுத்த மஜ்ஹூல் கன்று

வாய்க்காலை அடைக்க மண் போதவில்லை. இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அள்ளிப் போட்டேன். நான் அப்போதுதான் கன்றைப் பிடுங்கிய குழியைத் தண்ணீர் நிரப்பி, வழிந்து, அப்பாவின் பேரீச்ச மரங்களை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"இட்டோ! தண்ணி ஏன்டி கம்மியா வருது?" தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து அப்பா கத்தினார். "வாய்க்கால்ல படுத்துத் தூங்குறியா?"

"தவள அடைச்சிருக்குப்பா!"

"அதுக்கு அப்பறமா கல்யாணம் பண்ணி வைக்கலாம். தண்ணிய விடு! இத விட்டா பத்து நாளாகும் நம்ம முறை."

கையை எடுத்துவிட்டேன்.

எங்கள் தாஃபிலால்த் பகுதியில் மஜ்ஹூல் பேரீச்சையை யாரும் கொட்டை போட்டு வளர்ப்பதில்லை. கொட்டையில் எந்த மரம் வரும் என்று சொல்ல முடியாது. பாதி ஆண் மரமாகிவிடும். தாய்மரத்தடியில் முளைக்கும் பக்கக்கன்றை வெட்டி நட்டால்தான் அதே பழம். தாய்க்கு நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும்; வேரிலிருந்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் இறங்கிப் பக்கத்து மரங்களுக்கும் பரவும். தாத்தா காலத்தில் வெள்ளை நோய் அப்படித்தான் வந்து நாற்பது மரங்களைத் தின்றது. அதிலிருந்து எங்கள் வீட்டில் வெளிக்கன்று நடக்கூடாது.

போன வருடம் ரக்கியா சித்தி தன் தோட்டத்துக் கன்று ஒன்றைக் கோணியில் சுற்றிக் கொடுத்தாள்.

"உம்பேர்ல ஒரு மரம் வேணாமா? உங்கப்பாவுக்கு எப்பவும் நோய்ப் பயம். எம்மரத்தப் பாரு, என்ன மாதிரியே கொழுகொழுன்னு இருக்கு."

ஆசைப்பட்டேன். வாய்க்காலின் மேல்முனையில், மாதுளைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் நட்டேன்.

இன்று மதியம் பார்த்தால், ஒரு மட்டையில் ஒரு பக்கத்து ஓலை மட்டும் வெளுத்திருந்தது. மறுபக்கம் நல்ல பச்சை. அது என்ன என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உடனே பிடுங்கினேன். அந்த நேரம் பார்த்து எங்கள் முறைத் தண்ணீர் வந்துவிட்டது.

கன்றை ரொட்டி அடுப்பில் போட்டேன். பச்சையாக இருந்ததால் எரியாமல் வெகுநேரம் புகைந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: இன்றைக்கு மட்டுமா? ஒரு வருடமாக ஒவ்வொரு முறையும் தண்ணீர் அதன் வேரைத் தொட்டுவிட்டுத்தானே கீழே போயிருக்கிறது.

சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்து மூஹா தேநீருக்கு வந்தார். புதுத் தோட்டம் போடுகிறார். அப்பா மூன்று கன்றுகள் தருவதாகச் சொல்லியிருந்தார்.

"ஒங்கன்னுன்னா கண்ண மூடிக்கிட்டு நடலாம்யா," என்றார் மூஹா.

"தொறந்துக்கிட்டே நடு. போன தடவ நட்ட லட்சணந்தான் தெரியுமே, ஆட்டுக்குத் தீனியாப் போச்சு." அப்பா அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றினார். "வெள்ளிக்கிழம தொழுகை முடியட்டும், வெட்டித் தர்றேன்."

நான் சர்க்கரைக் கட்டியை எடுத்து வைத்தேன்.

சொன்னால், அம்மாவும் சித்தியும் இனிப் பேசிக்கொள்ள மாட்டார்கள். சித்தியின் மரத்துக்கும் நோய் என்று சித்திக்கே இன்னும் தெரியாது. சொல்லாவிட்டால், மூஹாவின் தோட்டத்துக்கும் அது போய்விடும். எங்கள் மரங்களில் இதுவரை ஒரு வெள்ளை ஓலைகூட இல்லை. இருபத்து மூன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டேன். நோய் உள்ளே இருந்தாலும் வெளியே தெரிய வருடமாகலாம்.

இன்று புதன். வெள்ளிக்கிழமை அப்பா கடப்பாரையைக் கையில் எடுப்பதற்குள், அவரிடம் போய் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பேன்?