எண்ணிக்கை சரியில்லை

தங்கையின் துறை மாற்றப் படிவத்தை அக்காதான் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அவசரப் பிரிவு நர்ஸ் அவள். வாயைத் திறந்தால் அந்தப் பிரிவே கப்சிப். தங்கையும் நர்ஸ்தான், ஆனால் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலே தரையைப் பார்க்கிற ரகம்.

“குழந்தைங்க வார்டு வேணாம், பெத்தவங்களுக்குப் பதில் சொல்லியே செத்துருவே. டயாலிசிஸும் வேணாம், நாலு மணி நேரமும் உன்கிட்ட கதை பேசுவாங்க. ஆபரேஷன் தியேட்டர் போடு. பேஷண்டுக்கு மயக்கம், உனக்கு மாஸ்க். உனக்குன்னே கட்டி வச்ச இடம்.”

தங்கை தலையாட்டினாள். ஆனால் அவள் தியேட்டருக்குச் சம்மதித்ததற்குக் காரணம் கூச்சம் இல்லை, பெரிய சர்ஜன்.

எட்டு மாதத்துக்கு முன், வார்டு ரவுண்டில், அவர் ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டார். சொன்னாள். “கேக்கல” என்றார். மறுபடியும் சொன்னாள். காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, “இன்னும் கேக்கல” என்றார். மூன்றாவது முறை அவள் காய்ச்சல் எழுதிய அட்டையை அவரிடம் நீட்டினாள். “நம்ம மௌனச்சாமிக்கு இன்னைக்கு மௌன விரதம்” என்று கட்டிலில் கிடந்தவனைப் பார்த்துக் கண்ணடித்தார். அவன் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்றிலிருந்து கேன்டீன்காரர் வரை எல்லோருக்கும் அவள் மௌனச்சாமி. வேறொருத்தியாக இருந்தால் நாலு நாள் அழுதுவிட்டு மறந்திருப்பாள். இவள் அழவும் இல்லை, மறக்கவும் இல்லை. உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தாள்.

தியேட்டரில் ஒரு விதி உண்டு. ரத்தம் ஒற்ற வயிற்றுக்குள் வைத்த காஸ் துணி எல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று, கருவி எடுத்துக்கொடுக்கிற நர்ஸ்தான் எண்ண வேண்டும். அவள் “எண்ணிக்கை சரி” என்று சொல்லாமல் எந்தக் கொம்பனும் தையல் போட முடியாது. அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் இவள் அந்தத் துறைக்குப் போனாள்.

அங்கே போன நான்காவது மாதம் வாய்ப்பு வந்தது. மேஜையில் ஒரு லாரி டிரைவர், குடலில் அறுவை. சர்ஜனுக்கு அடுத்த கேஸ் காத்திருந்தது.

“நூலைக் குடு.”

அவள் கொடுக்கவில்லை. “எண்ணிக்கை சரியில்லை. முப்பது உள்ள போச்சு, இருபத்தொம்பதுதான் வெளிய வந்திருக்கு.”

“என்ன?”

அவள் குரலைத் துளியும் உயர்த்தவில்லை. அவர்தான் குனிந்து அவள் மாஸ்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படிக் குனிந்தபோது அவர் கால் நகர்ந்தது. செருப்பின் குதிகாலில் ரத்தம் ஊறிய துணி ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். சுவரில் மணி பத்து ஐம்பத்திரண்டு.

“தேடணும் டாக்டர்” என்று மட்டும் சொன்னாள்.

அவர் கையை மறுபடி வயிற்றுக்குள் விட்டார். உதவி நர்ஸ் வாளிகளைக் கவிழ்த்துப் பார்த்தாள். சர்ஜனின் நெற்றி வேர்த்துக் கொட்டியது. “இன்னொரு தடவை எண்ணிப் பாரும்மா” என்றார். கிட்டத்தட்டக் கெஞ்சல். அது அவளுக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்லி முடியாது. பொறுமையாக, ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“பிரஷர் இறங்குது, சீக்கிரம்” என்றார் மயக்க டாக்டர்.

அப்போதுதான் அவள் மேஜையைப் பார்த்தாள். வயிறு திறந்து கிடந்தவன் அவளை ஒரு நாளும் கேலி செய்ததில்லை. அவள் பேரே அவனுக்குத் தெரியாது.

“உங்க செருப்புல ஒட்டியிருக்கு, டாக்டர்.”

தைத்து முடித்தார்கள். பிரஷர் ஏறியது. சர்ஜன் கையுறையைக் கழற்றியபடி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “இவங்க இல்லைன்னா இன்னைக்கு என் மானம் போயிருக்கும். இனிமே என் டேபிளுக்கு இவங்கதான்.”

உதவி நர்ஸ் பதிவேட்டைத் திறந்தாள். காணாமல் போனது எங்கே, எப்போது கிடைத்தது என்று எழுத வேண்டும். “செருப்பு. பத்து ஐம்பத்தாறுன்னு போடவா?”

“ஐம்பத்திரண்டு.”

“அது நீ குறையுதுன்னு சொன்ன நேரம். நான் கேக்குறது அதைப் பாத்த நேரம்.”

சர்ஜன் மீது அவளுக்கு இன்னமும் ஆத்திரம்தான். அவரை வேர்க்க வைத்ததற்கு எள்ளளவும் வருத்தமில்லை. அதற்காக இன்னொருவன் வயிற்றைத் திறந்து வைத்திருந்தோமே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

“பாத்த நேரமும் அதுதான். பாத்துட்டும் சொல்லலை. அப்படியே எழுதுங்க.”

எப்போதும் போல மெதுவாகத்தான் சொன்னாள். மூலையில் கை கழுவிக்கொண்டிருந்த சர்ஜன் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.