லியோ அண்ணன் தேர்ந்தெடுத்த பெட்டி

செத்துப்போன மனிதரைக் கடைக்குக் கூட்டிப்போய், எந்தப் பெட்டி பிடிக்கிறது என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னவன் இந்த ஈப்போவில் நான் ஒருவன்தான். ஈப்போ என்ன, இங்கிருந்து தாய்லாந்து எல்லைவரை சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொருவன் கிடைக்கமாட்டான்.

சவப்பெட்டி என்று பதற வேண்டாம். நான் சொல்வது ஸ்னேர் டிரம்மைப் பத்திரமாக எடுத்துப்போகும் பெட்டி.

பெயர் சுகுமாரன். ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர். என் லாரியில் ஏற்றிய முட்டை ஒன்றுகூட உடைந்ததில்லை. இரண்டொன்று போகிற வழியிலேயே குஞ்சு பொரித்து, கடைக்காரரிடம் நடந்தே போய்ச் சேர்ந்திருக்கின்றன. இப்போது ஜெலாப்பாங்கில் எங்களைப் போன்ற ஓய்வுக்காரர்கள் நடத்தும் பேண்டு குழுவில் பெரிய டிரம் அடிக்கிறேன். ஸ்னேர் டிரம் அடிப்பவன் தர்மா. பள்ளி அறிவியல் கூடத்தில் உதவியாளனாக இருந்தவன். தும்மல் வந்தால்கூட ஆதாரம் கேட்பான். அவனுக்கு முன்பு அந்த டிரம்மை அடித்தவர் லியோனார்ட், எங்கள் லியோ அண்ணன். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் இறந்துபோனார்.

அண்ணனின் டிரம் பித்தளை உடம்பு, கன்றுத்தோல். கீழ்த்தோலை ஒட்டிச் சன்னமான கம்பிச் சுருள்கள் இருக்கும். பக்கத்து லீவரை மேலே தூக்கினால் கம்பி தோலைத் தொடும், அடிக்கு அடி 'சர்ர்' என்று பேசும். லீவரைக் கீழே தள்ளினால் கம்பி விலகிவிடும், வெறும் 'டொம்' மட்டும்தான். பயணத்தில் லீவர் கீழேதான் இருக்க வேண்டும் என்பது அண்ணனின் சட்டம்.

ஒரு நாள் அவர் மனைவி எல்ஸி அக்கா அந்த டிரம்மை அண்ணனின் பழைய சாரோங்கில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆர்டன்வேல் தோட்டத்துச் சர்ச்சை இடிக்கப்போகிறார்கள். ரப்பர் பால் வெட்டு நின்று பல வருஷமாகிறது, இனித் தாமான் குடியிருப்பு வீடுகள் வரும். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைசிப் பூசை.

"சுகு, எங்க கல்யாணம் அந்தச் சர்ச்சுலதான் நடந்துச்சு. அவரு போனப்புறம் இதோட சத்தத்த நான் கேக்கவே இல்ல. அங்க ஒரு தடவ இது பேசட்டும், நான் கேட்டுக்கிறேன். அப்புறம் இடிச்சா இடிச்சுக்கட்டும் லா."

"ரோடு மோசம் அக்கா. தோல் கிழிஞ்சிட்டா?"

"அவரே மாட்டின தோலு. கிழிஞ்சா அவரு ரெண்டாந் தடவ செத்த மாதிரி."

அதற்குப் பிறகு சாரோங்கை நம்பி எடுத்துப்போக முடியுமா? அண்ணனின் பழைய துணிப்பை தைப்பிங் ஊர்வலங்களின் மழையில் ஊறியே இற்றுப்போயிருந்தது. தர்மாவையும் டிரம்மையும் வேனில் ஏற்றிக்கொண்டு டவுனில் இருந்த இசைக்கருவிக் கடைக்குப் போனேன்.

கடை முதலாளியான சீனத் தவுக்கே முதலில் கொடுத்தது தோளில் மாட்டுகிற மெத்தைப் பை. மழைக்கு நல்லது, மேலே ஏதாவது விழுந்தால் அவ்வளவுதான். டிரம்மை உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தேன். உள்ளேயிருந்து 'சர்ர்ர்' என்றது.

"லீவர ஏத்தி வச்சிட்டியா மச்சான்?"

தர்மா பையைத் திறந்து பார்த்தான். லீவர் கீழேதான் இருந்தது. "வெளிய பஸ் போயிருக்கும். அந்த அதிர்வு" என்றான்.

எட்டிப் பார்த்தேன். தெருவில் ஒரு பூனைதான் போய்க்கொண்டிருந்தது.

"ரொம்பப் பெரிய பூனையா இருக்கு மச்சான்."

அடுத்தது கறுப்புப் பிளாஸ்டிக்கில் வட்டமான கெட்டிப் பெட்டி. டிரம்மின் விட்டத்துக்குச் சரியாக இருந்தது. ஆனால் பக்கத்தில் துருத்தும் லீவருக்கு இடம் இல்லை. மூடியை அழுத்திக் கொக்கியை மாட்டினோம். குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி உள்ளே ஓர் இரைச்சல். பிறகு கொக்கி தானாகத் தெறித்தது. மூடி கூரைவரை பறந்து, மின்விசிறியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கீழே வந்தது.

"ஒரு முழம்கூட எழும்பல. லீவரச் சேத்து அளந்து வாங்கணும், இது சின்னது" என்றான் தர்மா. விஞ்ஞானி.

மூன்றாவது, பலகைப் பெட்டி. ஓரமெல்லாம் அலுமினியம், வண்ணத்துப்பூச்சி மாதிரிப் பூட்டு, உள்ளே கையளவு கனத்தில் ஸ்பாஞ்சு. லீவருக்கென்று தனிக் குழி. தோலின் மேல் எதுவும் படாமல், விளிம்பை மட்டும் பிடித்துக்கொள்ளும்படி வெட்டியிருந்தார்கள். டிரம் அதில் தூங்கப்போகிற பிள்ளை மாதிரி அமிழ்ந்தது. பூட்டினேன். காதை வைத்தேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"பாத்தியா? அண்ணனுக்கு இதுதான் புடிச்சிருக்கு."

"இந்த ஸ்பாஞ்சுக்குள்ள யான பிளிறினாலும் வெளிய கேக்காது லா."

யாருடைய டிரம் என்று தவுக்கே மலாய் மொழியில் கேட்டார். சொன்னோம். பெட்டியின் மேலிருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். எங்கே போகிறது என்றார். ஆற்றைத் தாண்டி என்றேன்.

"எங்க ஆளுங்க செத்தவங்கள எடுத்துட்டுப் போறப்ப, பாலம் வந்தா 'பாலம் கடக்குறோம்'னு சொல்லுவோம். சொல்லாமப் போனா அவங்க தண்ணிக்கு இந்தப் பக்கமே நின்னுருவாங்க."

தர்மா சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். அதுதான் வினை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தூறலில் கிளம்பினோம். மற்றவர்கள் முன்னாலேயே போய்விட்டார்கள். பேராக் நதிப் பாலத்தில் ஏறியபோது, பாகான் டத்தோவில் நான் பிடித்த இறாலின் நீளத்தை இரண்டு கையையும் விரித்துத் தர்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டீயரிங்கைக் கால் முட்டி பார்த்துக்கொண்டது. இறாலின் வால் முடிவதற்குள் பாலம் முடிந்துவிட்டது.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் எனக்கே பேச்சு குறைந்துபோனது. பால் வெட்ட ஆளில்லாத ரப்பர் மரங்கள் பாதையின் இருபுறமும் காடாக நெருங்கி நின்றன. கூரை விழுந்த தொழிலாளர் லயங்களின் வாசலில், யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி ஒரு நாற்காலி. மழை நாளில் ரப்பர் காய் வெடிக்காது. ஆனால் எங்களுக்குப் பின்னால் ஒன்று வெடித்தது. சிறிது தூரம் போனதும் இன்னொன்று. நாங்கள் விட்டுவந்த எதையோ எண்ணிப் பார்க்கிற மாதிரி.

சர்ச் சின்னது. பாதி ஜன்னல்களைக் கழற்றிவிட்டார்கள். முன்வரிசையில் எல்ஸி அக்கா கல்யாணப் புடவை கட்டி உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் திறந்தோம். டிரம்மில் ஒரு கீறல் இல்லை, தோலில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தர்மா லீவரை ஏற்றி, குச்சியால் மெல்லத் தட்டினான்.

'டப்.'

பிஸ்கட் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல இருந்தது. இன்னும் பலமாகத் தட்டினான். அதே 'டப்'. முன்வரிசையில் எல்ஸி அக்கா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளைக் குறுக்கினார்.

தர்மா திருகுகளை முறுக்கினான், தளர்த்தினான். தூக்கிப் பிடித்து அடியில் குனிந்து பார்த்தான். "கம்பி தோலத் தொட்டுக்கிட்டுதான் இருக்கு மச்சான். ஆனா பேச மாட்டேங்குது." அவன் குரலில் முதல் தடவையாகக் காரணம் இல்லை.

தவுக்கே சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "தர்மா, நாம பாலத்துல சொல்லல."

அவன் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். எல்ஸி அக்காவின் முதுகைப் பார்த்தான். டிரம்மை அப்படியே அணைத்துத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தான். பெட்டியைப் பூட்டித் திறக்க நேரமில்லை. சாமியார் அப்போதுதான் பிரசங்கத்தைத் தொடங்கியிருந்தார். நோவாவின் கப்பலிலிருந்து ஆரம்பிப்பவர் அவர். பிரசங்கம் நீளமாக இருக்கட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன்.

பாலத்தைத் தாண்டி ஈப்போப் பக்கம் ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்தேன். மழை விட்டிருந்தது. ஆற்றின் மேல் வெள்ளையாகப் பனி மூட்டம். பாலத்தின் மறுமுனை தெரியவில்லை. வண்டி எதுவும் வரவில்லை. தர்மா லீவரைக் கீழே தள்ளி, டிரம்மை மடியில் வைத்திருந்தான்.

கதவைத் திறந்து கத்தினேன். "அண்ணே! பாலம் கடக்கப் போறோம்! எல்ஸி அக்கா காத்துக்கிட்டு இருக்காங்க. வாங்கண்ணே!"

ஒன்றும் இல்லை. தண்ணீரின் ஓசை மட்டும். மறுபடியும் கூப்பிட்டேன். பனி மூட்டம் கொஞ்சம் நெருங்கி வந்தது, அவ்வளவுதான்.

"நீ கூப்புட்டா எப்புடி வருவாரு?" என்றான் தர்மா. "உன் பேச்ச அவரு என்னிக்கி நம்பியிருக்காரு?"

சுருக்கென்று குத்தியது. உண்மைதான். அண்ணன் உயிரோடு இருந்தபோது நான் 'மழை வருது' என்றால்கூட வெளியே கையை நீட்டிப் பார்ப்பார்.

"அப்ப நீ கூப்புடு."

"எனக்குத்தான் இதுல நம்பிக்க இல்லயே."

"அதனாலதான் சொல்றேன். நீ பொய் சொல்லமாட்டேன்னு அவருக்குத் தெரியும்."

தர்மா இரண்டு கைகளையும் டிரம்மிலிருந்து எடுத்து, ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் சொல்வதுபோலத் தணிந்த குரலில் சொன்னான்.

"அண்ணே. பாலம்."

முதலில் மூச்சு இழுப்பதுபோல ஒன்று. தோலைத் தொடாத கம்பி, யாரும் தொடாத டிரம், அவன் மடியில் 'சர்ர்ர்' என்று முனகியது. அடங்கி, மறுபடி எழுந்து, நீளமாக உருண்டது. லியோ அண்ணன் ஊர்வலம் தொடங்கும்போது உருட்டுவாரே, அந்த உருட்டல். வேன் தர்மாவின் பக்கமாக ஓர் ஆள் ஏறின கனத்தில் தாழ்ந்தது. அவன் வாய் திறந்தபடியே இருந்தது. நான் இஞ்சினைப் போட்டேன், அல்லது இஞ்சின் என்னைப் போட்டதோ தெரியாது.

போகும் வழியெல்லாம் தர்மா சொல்லிக்கொண்டே வந்தான். "ஆத்தத் தாண்டிட்டோம்ணே. இப்ப லெப்ட்டு திரும்புறோம். இங்க குழி இருக்கு, பாத்துண்ணே." காய் வெடிக்கும் சத்தம் அந்த முறை எங்களுக்குப் பின்னால் கேட்கவே இல்லை.

பூசை முடிந்து பேண்டு எழுந்தது. தர்மா லீவரை ஏற்றி உருட்டினான். கழற்றிய ஜன்னல்கள் வழியாக அந்தச் சத்தம் ரப்பர் காட்டுக்குள் போய்த் திரும்பி வந்தது. உருட்டல் முடிந்ததும் ஒரு குட்டித் தட்டு விழுந்தது. அண்ணன் மட்டும் வைக்கும் செல்லத் தட்டு. தர்மாவுக்கு அது என்றைக்கும் வந்ததில்லை. தர்மாவின் குச்சிகள் அப்போது மேலே இருந்தன. எல்ஸி அக்கா கண்களை மூடிக்கொண்டு சிரித்தார். கன்னத்தில் ஓடியதை அவர் துடைக்கவில்லை.

பிறகு சர்ச் வாசலில் தேநீர். நான் விடுவேனா? ஆறு இரண்டாகப் பிளந்ததையும், பாலத்தின் நடுவில் அண்ணன் வெள்ளைச் சட்டையோடு கையைக் காட்டி வேனை நிறுத்தியதையும், என்னிடம் இறாலைப் பற்றி விசாரித்ததையும் விவரித்தேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்ஸி அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"இவன் சொல்றத விடு. தர்மா, நீ சொல்லு."

தர்மா படியில் உட்கார்ந்திருந்தான். டிரம் இன்னும் அவன் மடியில்தான் இருந்தது. பக்கத்தில் வாய் பிளந்து கிடந்த பலகைப் பெட்டிக்குள், ஸ்பாஞ்சுக் குழியில் யாரோ குவே பலகாரத் தட்டைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

"ஆறு பொளக்கலக்கா" என்றான். "பாலத்துல யாரும் நிக்கல. எறாலப் பத்தி யாரும் கேக்கல." டிரம்மின் லீவரைத் தொட்டுக் காட்டினான். "ஆனா இஞ்சின் ஆஃப்ல இருந்துச்சு. லீவர் கீழ இருந்துச்சு. என் கை ரெண்டும் வெளிய இருந்துச்சு."

டிரம்மின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"அண்ணன் வந்தாரு லா."