மாற்றாத கையுறை

லிஃப்ட் மெக்கானிக்கின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி கிருமி இருப்பதாக ரிப்போர்ட் வந்த அன்று, அவரைவிட டயாலிசிஸ் சிஸ்டரின் முகம்தான் அதிகம் வெளிறிப்போனது.

மூன்று வருடமாக வாரம் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம் அவர் அங்கே வந்து சாய்ந்து கிடக்கிறார். சிறுநீரகம் கைவிட்ட வேலையை மெஷின் செய்யும். அதற்காக அவர் கையில் இரண்டு ஊசி குத்துகிறவள் அவள். அவர் அவளைத் தங்கச்சி என்பார், அவள் அண்ணே என்பாள். "இத்தனை வருஷம் ஊரையே மேல ஏத்தி இறக்கினேன். இப்ப என்னை ஓட்ட ஒரு மெஷின்!" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிச் சிரிப்பார். புது நோயாளி யாராவது வந்தால் இரண்டு முறை.

டாக்டர் அவர் மனைவியிடம் விளக்கினார். "பல வழியில வரும்மா. பல்லு பிடுங்கினா வரும், சலூன் கத்தியில வரும், வெளியில வேற பழக்கம் இருந்தாலும் வரும்." எல்லா வழியையும் சொன்ன மனிதர் ஆஸ்பத்திரி வழியை மட்டும் விழுங்கிவிட்டார். அந்த அம்மாள் பல்லையும் சலூனையும் விட்டுவிட்டு, பழக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

சிஸ்டருக்கு வழி தெரியும். மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலையில் பக்கத்து நாற்காலி ஓவிய டீச்சரின் கையில் ஊசி நழுவி ரத்தம் பீறிட்டது. அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணனின் மெஷின் அலறியது. டீச்சர் கையைக் கட்டிவிட்டு ஒரே ஓட்டம். அதே கையுறையோடு பட்டனை அமுக்கி, அண்ணன் கை ஊசியையும் சரிசெய்துவிட்டாள். கையுறை மாற்ற அரை நிமிடம் ஆகாது. போன மாதம் டீச்சருக்கு இதே சி கிருமி என்று தெரிந்து தனி அறைக்கு மாற்றினார்கள். இந்த மாதம் இவர்.

ரிப்போர்ட் வந்த அன்றே தலைமை சிஸ்டரிடம் போய்ச் சொன்னாள்.

"யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு நீயா போய் வாயைக் கொடுக்கற? வேலையை வச்சுக்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரிந்தவர்கள்தான் தலைமைப் பதவிக்கு வருகிறார்கள் போலிருக்கிறது. சிஸ்டரும் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கும் வேலை வேண்டும், வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா.

அடுத்த முறை தனி அறையில் ஊசி குத்தும்போது அண்ணன் சொன்னார்: "வீட்ல எனக்கு ராஜ மரியாதை தங்கச்சி. தனித் தட்டு, தனித் துண்டு, தனி ரூம்."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம் ஆச்சு. எங்க போன, யார்கிட்ட போனன்னு உங்க அண்ணி நேத்து ராத்திரி கேக்கறா. பொண்ணும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருக்கு. நான் என்னத்தைச் சொல்ல?" ஊசி இல்லாத கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் பக்கத்திலேயே நின்று அவர் கைக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

வெளியே பெஞ்சில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, அண்ணன் மேல தப்பில்ல. என் கையால வந்தது." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தட்டாலும் துண்டாலும் இது ஒட்டாது என்றாள். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் போய்விடும் என்றாள்.

அண்ணி, "உன்னை நம்பித்தானேடி அந்த மனுஷனை இங்க விட்டுட்டு நிம்மதியா உக்காந்திருந்தேன்," என்றாள். எழுந்து நேராக டாக்டர் அறைக்குப் போனாள். அவள் போட்ட சத்தம் மருந்துக் கடைவரை கேட்டது.

விசாரணை நடந்தது. அந்த நேரத்து நோயாளிகள் எல்லோருக்கும் மறுபடி பரிசோதனை. நல்லவேளையாக வேறு யாருக்கும் இல்லை. சிஸ்டரை ஊசி வேலையிலிருந்து நீக்கி ஸ்டோருக்கு மாற்றுவதாக முடிவானது. அன்று வேறொரு நர்ஸ் ஊசியோடு தனி அறைக்கு வந்தபோது, கணவரின் படுக்கையிலேயே ஒட்டி உட்கார்ந்திருந்த அண்ணி கையை நீட்டித் தடுத்தாள்.

"அவளைக் கூப்பிடுங்க. எங்க வீட்டுக்கு உண்மையைச் சொன்னது அவ ஒருத்திதான். இவருக்கு சரியாகிற வரைக்கும் அவதான் போடணும். டாக்டர்கிட்ட நான் பேசிட்டேன்."

சிஸ்டர் வந்தாள். கை கழுவினாள், புதுக் கையுறை மாட்டினாள்.

"அதைக் கழட்டு," என்றாள் அண்ணி. "என் கண்ணு முன்னாடி இன்னொரு தடவை கழுவு."

சிஸ்டர் கழற்றி, மறுபடி கழுவினாள். அண்ணி கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம். இப்ப போடு."