அஞ்சலை கேட்ட வைக்கோல்

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் கன்னியம்மாள் எதற்கும் யார் வீட்டு வாசலிலும் நின்றதில்லை. கணவன் இறந்த பிறகு நெல், விறகு, மாட்டுத் தீனி எல்லாவற்றையும் அடுத்த வருஷத்துக்கும் சேர்த்தே வைத்துக்கொண்டாள். 2003 கோடையில் ஏரி வறண்டு ஊர் மாடுகளுக்கு எலும்பு தெரிந்தபோதும், அவள் வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் போர் கூரை உயரத்துக்கு நின்றது.

ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு அஞ்சலை வந்தாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு சினைப் பசு.

"அக்கா, ரெண்டு கட்டு வைக்கோல் குடுங்க. மாடு எழுந்துக்கவே மாட்டேங்குது."

"மழை எப்போ வரும்னு யாருக்குத் தெரியும்? என் மாட்டுக்கே பத்தாதுடி. நீயும் முன்னாடியே சேத்து வெச்சிருக்கணும்."

"சேத்து வெக்க எங்களுக்கு நெலம் ஏதுக்கா?" என்று சொல்லிவிட்டு அஞ்சலை போய்விட்டாள்.

நான்காம் நாள் அடிமாட்டு வியாபாரியின் வண்டி அந்தப் பசுவை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த வாரமே மழை கொட்டியது. வரப்பெல்லாம் புல் முளைத்தது. கன்னியம்மாளின் வைக்கோல் போரில் பாதி நனைந்து அழுகியது.

கன்னியம்மாள் நல்ல கட்டாக இரண்டைத் தூக்கிக்கொண்டு அஞ்சலை வீட்டுக்குப் போனாள்.

"இனிமே எதுக்குக்கா? எடுத்துட்டுப் போங்க. உங்க மாட்டுக்கு ஆவும்" என்றாள் அஞ்சலை. குரலில் கோபமே இல்லை.

பசு போனதிலிருந்து அஞ்சலை திருவண்ணாமலைக்குக் கட்டட வேலைக்குப் போகிறாள். காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது, "சாப்ட்டீங்களாக்கா?" என்று தினமும் கேட்கிறாள். கன்னியம்மாள் நிமிராமலே வாசலைப் பெருக்கிக்கொண்டு, "ஆச்சுடி" என்கிறாள்.