நின்றபடி நடந்த கூட்டம்

கண்டக்குழிக் கரையில் கருவாடு காயவைக்கும் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. முன்பு மறைவுக்குத் தாழம்பற்றை இருந்தது. கரையில் புதிதாக வந்த உல்லாச விடுதிக்காரர்கள் கடல் தெரியட்டும் என்று அதை வெட்டிவிட்டார்கள். கடல் நன்றாகத் தெரிந்தது. பெண்களும் நன்றாகத் தெரிந்தார்கள். அதனால் விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வேலை செய்தார்கள். கடைசியில் அவர்களில் ஒருத்தியான உம்மு குல்சூம் சிறுநீரில் கிருமி என்று ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

மீனவர் சங்கத்துக்கு இது தெரியாத விஷயமல்ல. தலைவர் இன்னாசிப்பிள்ளை ஒவ்வொரு கூட்டத்திலும் பெண்களைக் கடலன்னையின் மறுவடிவம் என்று புகழ்ந்துவிட்டு, கழிப்பறையை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பார். சங்கத்திடம் கல்லும் சீமெந்தும் இருந்தன. அவை தலைவரின் பெயர் பொறித்த வரவேற்பு வளைவுக்கு.

உம்மு குல்சூமோடு மீன் கீறும் அனஸ்தாசியா அவரைப் போய்க் கண்டாள்.

"அண்ணன், இந்த முறையாவது ஒரு முடிவெடுங்க."

"அவசரப்படக் கூடாது தங்கச்சி. ஆராயிறதுக்கு உபகுழு போட்டிருக்கம்."

"அதில பொம்பிளையள் ஆரும் இருக்காங்களா?"

"நீங்க வெக்கப்படுவீங்க எண்டுதான் போடயில்ல."

அனஸ்தாசியா சண்டை பிடிக்கவில்லை. பெண்களின் மரண உதவிச் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. ஊரில் உட்காரவென்றிருந்த பிளாஸ்டிக் கதிரைகள் எல்லாம் அந்தச் சங்கத்துடையவை. ஞாயிற்றுக்கிழமை மீனவர் கூட்டத்துக்குக் கதிரை எடுக்க வந்த சங்கத்துப் பொடியன் றொமேஷ், அவை அடுக்கியிருந்த கொட்டில் பூட்டியிருப்பதைக் கண்டான்.

"இனி கதிரை செத்தவீட்டுக்கு மட்டுந்தான்," என்றாள் அனஸ்தாசியா. "கூட்டத்தில ஆராவது செத்தா சொல்லியனுப்பு."

கூட்டம் நின்றபடி நடந்தது. தலைவர் தன் பேச்சில் கடலன்னை வரை வருவதற்குள் சிலர் குந்தினார்கள். மணல் சுட்டதால் எழுந்தார்கள். சிலர் வலை பார்க்கப் போய்விட்டார்கள். அடுத்த கூட்டமும் அப்படியே நடந்தது. அதற்கடுத்ததில், கால் வீங்கிய செயலாளர் செய்னுலாப்தீன் பேச்சில் குறுக்கிட்டார்.

"தலைவர், வளைவு இல்லாட்டியும் ஊருக்குள்ள ஆரும் வழி தவறிப் போகமாட்டாங்க. அந்தக் கக்கூசக் கட்டிக் குடுத்துட்டு, கதிரையில இருந்து கதைப்பம்."

சபை ஒருமனதாகக் கை தூக்கியது. உபகுழுவும் அன்று காலையில்தான் ஆராய்ந்து முடித்ததாக இன்னாசிப்பிள்ளை அறிவித்தார்.

வளைவுக்கு வைத்திருந்த கல்லில் கழிப்பறை எழுந்தது. திறப்பு விழாவன்று வாசலில் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். சுவரில் பதித்த பலகையில் 'பெண்களின் துயர் துடைத்த பெருந்தகை' என்று எழுதி, கீழே தலைவரின் பெயர் இருந்தது. பெண்களுக்கு அதில் மனத்தாங்கல் இருந்தது. அனஸ்தாசியா அதை ஒருமுறை வாசித்துப் பார்த்தாள்.

"கதவுக்கு உள்ளுக்குக் கொளுக்கி போட்டிருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓம், போட்டிருக்கு," என்றான் றொமேஷ்.

இன்னாசிப்பிள்ளை தொண்டையைச் செருமி உரையைத் தொடங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த உம்மு குல்சூமால் பொறுக்க முடியவில்லை. குனிந்து, நாடாவுக்குக் கீழாக நுழைந்து உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது, கொளுக்கி விழுந்த சத்தமும் கேட்டது.

தலைவர் கத்தரிக்கோலோடு வெளியில் காத்து நின்றார்.