கோணேஸ்வரியின் பேரில் ஒரு சைக்கிளோட்டம்

யாரிடமும் கை நீட்டி நிற்பது என் குணத்துக்குச் சரிவராது. அப்படியிருந்தும் அந்தப் பங்குனி மாதம் முழுக்க உப்புவெளியில் வீடு வீடாகக் கை நீட்டினேன். எல்லாம் ஒரு சைக்கிளோட்டத்துக்காக.

திருகோணமலையிலிருந்து திரியாய் வரை நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து ஓடுவது. சேரும் காசு சிறுநீரக நோயாளிகளின் சிகிச்சைக்கு. ஆளுக்கு ஐம்பதாயிரம் ரூபா சேர்த்துக் கொடுத்தால்தான் ஓட்டத்தில் இடம். நடத்திய சங்கத்தில் வினோதன் என்பவர்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு.

தர்ம சிந்தனையில் சேர்ந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்கு நாற்பத்திரண்டு வயது. கலியாணமில்லை. விடுதியொன்றில் கட்டில் விரிப்பு மாற்றுகிற வேலை. அம்மா போனபின் வாடகை அறையில் தனியே இருக்கிறேன். வாசலில் என் செருப்பைத் தவிர வேறு செருப்புக் கிடந்ததில்லை. வேலைக்குச் சைக்கிளில் போவதும் தனியே, வருவதும் தனியே. முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர், பக்கத்தில் "பள்ளம், பார்த்து" என்று சொல்ல ஒருவர் என்று ஒரு நாளாவது ஓட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஆனால் எங்கள் பக்கத்துச் சனத்துக்கு இந்தப் புதுப் பழக்கமெல்லாம் தெரியாது. வீட்டில் ஒருவருக்கு நோய், வருத்தம் என்று கடுமையாக வந்தால் அம்மனுக்கு நேர்த்தி வைத்து, சேலைத் தலைப்பை ஏந்தி வீடு வீடாக மடிப்பிச்சை எடுப்பார்கள். அதுதான் தெரியும். ஆகவே எந்த வாசலிலும் முதல் கேள்வி, "ஆருக்குப் பிள்ளை நேர்த்தி?"

"ஒருத்தருக்குமில்லை அக்கா. பொதுவா நோயாளியளுக்கு."

முகம் சுருங்கிவிடும். சொந்தத்தில் ஒருவர் சாகக் கிடக்காமல் ஒருத்தி இந்த வெயிலில் அலைவாளா? மீன் விற்கும் நல்லம்மா நேரேயே சொன்னாள்: "ஆருமில்லாத உனக்கு என்னத்துக்கு நேர்த்தி? போய் வேலையைப் பார்." எனக்கு ஆருமில்லை என்று எனக்குத் தெரியாதா? வந்த ஆத்திரத்தில் அவளிடம் வாங்கிய சூடை மீனை அப்படியே பூனைக்குப் போட்டேன்.

கோணேஸ்வரி அன்ரியின் வீடு நிலாவெளி வீதியோரம். அறுபது தாண்டியவர். புருஷன் இல்லை, பிள்ளைகள் மூன்று பேரும் லண்டனில். கதிரை தந்து, கோப்பி தந்து, என் கதையெல்லாம் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"என்ர பேரைச் சொல்லிக் கேளும் பிள்ளை. எனக்குத்தான் அந்த வருத்தம். கிழமைக்கு ரெண்டு தரம் ஆசுப்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்ணுவினம்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். ஒரு மனுசியின் நோயைப் பழமாக நினைத்த புத்தியை என்ன சொல்ல?

அதற்குப் பிறகு எந்த வாசலிலும் கேள்வியில்லை. "கோணேஸ்வரி அன்ரிக்கு" என்றதும் உள்ளே போய்க் காசோடு வந்தார்கள். அதோடு விடவுமில்லை. வருத்தம் பார்க்கப் போவது எங்களூரில் கடமை. கலியாண வீட்டுக்குப் போகாவிட்டாலும் மன்னிப்பார்கள், இதற்குப் போகாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். பால்மா ரின்னும் பிஸ்கட்டுமாக அன்ரியின் விறாந்தை நிரம்பியது. நல்லம்மாகூடப் பால்சுறா கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்ரி நல்ல சேலை உடுத்து, எல்லோருடைய கதையையும் கேட்டுக்கொண்டு நடுவில் இருந்தார்.

காசு முழுவதும் சேர்ந்து, அன்ரியின் பேரையும் சங்கத்தில் பதிந்து, ஓட்டத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது வினோதன் போன் எடுத்தார்.

"துஷாந்தி அக்கா, உங்கட அன்ரியைக் கொண்டு கொடியசைப்பிப்பம் எண்டு கிளினிக்கில விசாரிச்சனான். அப்பிடி ஒரு நோயாளி அங்க இல்லையாம்."

நேரே அன்ரியிடம் போனேன். அவர் மறுக்கவில்லை.

"ஓம் பிள்ளை. எனக்கு ஒரு வருத்தமுமில்லை. பிள்ளையள் ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பினம். சாப்பிட்டீங்களோ எண்டு கேப்பினம். ஓம் எண்டுவன். வைச்சிடுவினம். வருத்தம் எண்டால் ஆக்கள் வருவினம். சும்மா தனிய இருக்கிறன் எண்டால் ஆர் பிள்ளை வருவினம்?"

"என்னைக் கள்ளியாக்கிப்போட்டீங்களே அன்ரி!"

கேற்றை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். அன்றிலிருந்தே உண்மையைச் சொல்லிக் காசைத் திருப்பிக் கொடுக்க ஒவ்வொரு வீடாக ஏறினேன். என் இடம் போனால் போகட்டும், இந்தப் பழி வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஒருவரும் வாங்கவில்லை. "மடியில போட்டதைத் திருப்பி வாங்கக் கூடாது பிள்ளை, குடும்பத்துக்கு ஆகாது" என்றார்கள். காசு நோயாளிகளுக்குப் போனது. என் இடமும் தப்பியது. தப்பாதது அன்ரிதான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவருடைய விறாந்தையில் பிறகு ஒரு குருவியும் இல்லை. நான் உண்மையைச் சொன்னேன், அந்த வீடு வெறுமையானது. என்னில் பிழையில்லை என்று எத்தனை தரம் சொல்லிக்கொண்டாலும் நெஞ்சு கேட்கவில்லை.

ஓட்டம் நான் ஆசைப்பட்டபடியேதான் இருந்தது. கடற்கரையில் கொடியசைத்தார்கள். முன்னால் ஆட்கள், பின்னால் ஆட்கள். பக்கத்தில் கிண்ணியாவிலிருந்து வந்த அம்ரா என்ற ஆசிரியை. "பள்ளம், பார்த்து" என்று அவள் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொருவர் முதுகிலும் யாருக்காக ஓடுகிறார் என்று பேர் அடித்த துணி. என்னுடையதை மாற்றச் சொல்ல நான் வினோதனிடம் போகவில்லை.

"கோணேஸ்வரி உங்கட ஆரு தாத்தா?" என்று அம்ரா கேட்டாள். அக்காவைத் தாத்தா என்பது கிண்ணியா முஸ்லிம்களின் வழக்கம்.

பள்ளம் பார்க்கிறதுபோலக் குனிந்து மிதித்தேன். அடுத்த வளைவில் நிலாவெளி வீதி. இரண்டு பக்கமும் சனம் கூடி நின்று கைதட்டியது. அன்ரி மட்டும் தன் கேற்றுக்கு உள்ளே, ஒருவருடைய கண்ணிலும் படாமல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரேக் பிடித்தேன். பின்னால் வந்தவர்கள் ஏசிக்கொண்டு விலகிப் போனார்கள். அம்ரா இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு கேற்றைத் தள்ளினேன்.

"ஏன் பிள்ளை நிண்டனீர்? ஓடும், விட்டிட்டுப் போயிடுவினம்," என்று அன்ரி பதறினார்.

"போகட்டும் அன்ரி. உங்களைப் பாக்க வந்தனான்."

"எனக்கு வருத்தமில்லை எண்டு ஊருக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும். நீங்கள் தனிய இருக்கிறீங்கள் எண்டுதான் வந்தனான்."