ஓட்டை மட்டும்தான் சரி

என் நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் சவுண்டு. அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது அவள் தொழில். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். காரின் பின்னிருக்கையை மடக்கிவிட்டு, இடுப்புயரப் பெட்டிகளைத் திணித்து ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு போவாள்.

ஒரு மழைநாளில் அந்தக் கார் பள்ளத்தில் இறங்கியதில் ஒரு சக்கரத்தின் ரிம் விரிசல் விட்டது. கழற்றிப் பார்த்தால் மற்றவற்றிலும் விளிம்பு நெளிந்திருந்தது. நான்கையும் மாற்றியே ஆக வேண்டும். "நிதானமா பாத்துத்தான் வாங்கணும் அண்ணி" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குள் அவள் கணவர் முந்திக்கொண்டார்.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனைவிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை தலைக்கேறிவிட்டால் யாரையும் கலந்துகொள்ள மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு போனவர், மதியம் வாசலில் ஹாரன் அடித்தார். எட்டிப் பார்த்தோம். கறுப்பில் பளபளக்கும் புது வீல்கள், கத்தி கத்தியாய்க் கம்பிகள், அகல டயர்கள். பழைய கார் திடீரென்று மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது.

"எப்படி?" என்றார். முகமெல்லாம் பல்.

"அடேங்கப்பா!" என்றார் என் மாமனார். நானும் சொக்கித்தான் போனேன்.

சவுண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்தாள், நிமிர்ந்தாள். டயரின் வெளிவிளிம்பையும் அதற்கு மேலே வளைந்திருந்த தகட்டையும் உள்ளங்கையால் தடவினாள். "ரொம்ப அழகா இருக்குங்க" என்றாள். அது உண்மையான பாராட்டு, சந்தேகமில்லை. பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினாள். "எல்லாரும் வண்டில ஏறுங்க."

"எங்க போறோம்?" என்றார் மாமியார், புடவையைச் சரிசெய்துகொண்டே.

"எங்கயும் போகலம்மா. பெட்டியெல்லாம் குடோன்ல கிடக்கு. அதுக்குப் பதிலா பாரத்துக்கு நீங்க நாலு பேரும் உக்காருங்க."

"என்னைப் பாத்தா ஸ்பீக்கர் மாதிரியா இருக்கு?"

"சத்தத்துல உன்னை எந்தப் பெட்டியும் ஜெயிக்க முடியாது" என்றார் மாமனார். மாமியார் அவரை முறைத்துக்கொண்டே ஏறினார். மாமனார் முன்னால், மாமியாரும் என் கணவரும் நானும் பின்னால். மாப்பிள்ளை வெளியே நின்று ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சவுண்டு ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் ஒடித்து, முற்றத்தில் வண்டியை ஆமை வேகத்தில் உருட்டினாள். நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். "கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள். அமைதியானோம். இன்னொரு பக்கம் ஒடித்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் பிரேக்கை மிதித்தாள்.

"கேட்டுச்சா?"

யாருக்கும் கேட்கவில்லை. இறங்கிப்போய், முன்சக்கரத்துக்கு மேலே உள்ளே இருந்த பிளாஸ்டிக் மறைப்பைக் காட்டினாள். டயர் உரசிய இடம், புதிதாகத் துடைத்தது போல் மின்னியது.

ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைக் கழற்றிக் கவிழ்த்தாள். ரிம்மின் பின்புறம் சின்ன எழுத்தில் அது தாங்கும் எடை பொறித்திருந்தது. காரின் கதவோரம் ஒட்டியிருந்த தகட்டில், பின் அச்சு அதிகபட்சம் சுமக்கக்கூடிய எடை இருந்தது. அதில் பாதியையாவது ஒரு சக்கரம் தாங்க வேண்டும். இந்த ரிம் அதற்குக் குறைவாகவே தாங்கும்.

"கடைக்காரர் நட்டு மாட்டுற அஞ்சு ஓட்டையும் கச்சிதமா உக்காருதுன்னாரே" என்றார் மாப்பிள்ளை. குரல் இறங்கியிருந்தது.

"ஓட்டை சரிதாங்க. ஓட்டை மட்டும்தான் சரி." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் தணிந்தாள். "ஃபிரேம் அழகா இருக்குன்னு பவர் பாக்காம யாருக்காவது கண்ணாடி குடுத்திருக்கீங்களா?"

மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார் என்று நான் பயந்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "வேற என்னென்ன பாக்கணும், சொல்லு."

மறுநாள் நானும் அவர்களோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் மனசில்லாமல், "உரசுற எடத்தை லேசா வெட்டி விட்டுடலாம்மா. எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்றார்.

"வெட்டுனா உரசாது. எடை தாங்குமா?" என்றாள் சவுண்டு, அதே மெல்லிய குரலில். கடைக்காரர் வேறு வரிசைக்கு நடந்தார்.

அவள் தேர்ந்தெடுத்தது சாம்பல் நிறத்தில், சாப்பாட்டுத் தட்டு போல் சாதாரணமாக இருந்தது. அகலம், உள்ளும் புறமும் எவ்வளவு தள்ளி நிற்கும், தாங்கும் எடை, நடுத்துளை எல்லாம் காருக்குப் பொருந்தின. நடுத்துளை அச்சின் மேட்டில் ஆட்டமில்லாமல் உட்கார்ந்தபோது அவள் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. வேலையாள் பழைய நட்டுகளை எடுத்து முடுக்கப் போனார்.

"ஒரு நிமிஷம்" என்றார் மாப்பிள்ளை.

நட்டு ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு ரிம்மின் குழிக்குள் வைத்துக் கண்ணைக் கிட்டத்தில் கொண்டுபோனார். கண்ணாடி வில்லையை ஃபிரேமில் உட்காரவைத்துப் பார்க்கும் அதே பார்வை. "இது அடி உருண்டையா இருக்கு. குழி புனல் மாதிரி சரிவா இருக்கு. ஓரத்துல மட்டும்தான் தொடுது, முழுசா படியல."

சவுண்டு நட்டை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கே அது தோன்றியிருக்கவில்லை. "ஓடுறப்ப தளர்ந்திருக்கும்" என்றாள் மெதுவாக. "எனக்குத் தெரியாமலே போயிருக்குமே."

கடைக்காரர் உள்ளே போய்ச் சரிவான அடி கொண்ட நட்டுகளைத் தேடி எடுத்து வந்தார். இந்த முறை அவர் முகத்தில் சலிப்பு இல்லை. தானே குனிந்து ஒவ்வொன்றையும் குழியில் வைத்துப் பார்த்தார். ஒன்று விட்டு ஒரு நட்டாக முடுக்கி, கடைசியில் இறுக்கத்தின் அளவு காட்டும் ஸ்பேனரை அதன் சொடுக்குச் சத்தம் வரும்வரை திருப்பினார். மாப்பிள்ளை ஒவ்வொரு சொடுக்குக்கும் தலையாட்டினார்.

அடுத்த வாரம் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வெளியூர் நிகழ்ச்சிக்குக் கிளம்பினாள். கடையை அரைநாள் பூட்டிவிட்டு மாப்பிள்ளையும் உடன் போனார். புது நட்டுகளைக் கொஞ்ச தூரம் ஓடியபின் மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும் என்பதால், வழியில் ஒரு மரநிழலில் நிறுத்தினாளாம். அவள் ஸ்பேனரை எடுப்பதற்குள் அவர் இறங்கிவிட்டார்.

"நாலு சக்கரத்தையும் அவரே பாத்தாரு அண்ணி" என்றாள், திரும்பி வந்ததும். "நான் சும்மா வண்டிக்குள்ள உக்காந்து காத்து வாங்கிட்டிருந்தேன்."

அதைச் சொன்னபோதுதான் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்ததை முதன்முதலாகக் கேட்டேன்.